சொந்த சர்வரில் நேரலை டியூஷன்: 200 பேரைத் தாண்டினால் நிற்கிறது, என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் என் அக்கா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். நேரில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் தங்கவயல், ஓசூர், ஆனேக்கல் பக்கமிருந்து போனில் பார்க்கிறார்கள். இந்த வருடம் அப்படிப் பார்க்கிறவர்களே 300 பேர் ஆகிவிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை. யூடியூபில் போட அக்காவுக்கு மனமில்லை, பாடத்துக்கு நடுவில் பக்கத்து வீடியோ கண்ணில் பட்டால் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள்.

அதனால் நானே சர்வர் போட்டேன். பெங்களூரு டேட்டா சென்டரில் ஒரு கிளவுட் மெஷின், 4 கோர், 8 ஜிபி ரேம். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளிலிருந்து ஆர்டிஎம்பியில் (சர்வருக்கு வீடியோ அனுப்பும் முறை) அனுப்புகிறேன், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் ஆர்டிஎம்பி மாட்யூல் அதை எச்எல்எஸ் துண்டுகளாக, அதாவது போன் ஒவ்வொன்றாக இறக்கி ஓட்டும் சில நொடிக் கோப்புகளாக, வெட்டித் தருகிறது. 720பி, 2.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2.5 மெகாபிட்), ஒரே தரம்தான், டிரான்ஸ்கோடிங் (வேறு தரத்துக்கு மாற்றுவது) கிடையாது.

30 பேரை வைத்துச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. இப்போது 200 பேரைத் தாண்டினால் எல்லோருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சிபியு பத்து சதவீதத்தைத் தொடவில்லை. இன்னொன்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கூட்டம் குறைவாக இருக்கிற நாளில்கூட 7.45 வாக்கில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள், மறுநாள் கேட்டால் படம் நின்றுபோச்சு என்கிறார்கள். 16 கோர் மெஷினுக்கு மாறிவிடலாமா? பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகளுக்குப் பாடம் விட்டுப்போவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜாலஹள்ளி ராஜா:

கோரைக் கூட்டாதீர்கள் தம்பி, பணம் வீண். டிரான்ஸ்கோடிங் இல்லையென்றால் சிபியுவுக்கு அங்கே வேலையே இல்லை, கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு சரி. வெளியே போகிற பேண்ட்வித்தை, அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா போகிறது என்பதைப் பாருங்கள். ஒலியையும் சேர்த்து ஆளுக்கு 2.6 எம்பிபிஎஸ், 200 பேருக்கு 520. உங்கள் பிளானில் நெட்வொர்க் உச்சவரம்பு என்ன என்று பாருங்கள், 500 என்று போட்டிருந்தால் அங்கேதான் முட்டுகிறது. 300 பேருக்கு 780 வேண்டும்.

மாதக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 1.75 ஜிபி, 300 பேருக்கு 525 ஜிபி, 22 வகுப்புக்குப் பதினொன்றரை டெராபைட். ஒரு ஜிபிக்கு ஒரு சென்ட் வாங்கும் கிளவுடும் உண்டு, பத்து சென்ட்டுக்கு மேல் வாங்கும் கிளவுடும் உண்டு. சுமார் 115 டாலருக்கும் 1,150 டாலருக்கும் உள்ள வித்தியாசம் அது. மெஷின் வாடகையைப் பார்த்து இடம் பிடிக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மல்லேஸ்வரம் அக்கா:

7.45க்கு விடை ராஜா போட்ட கணக்கிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அப்பா அம்மா போனில்தானே பார்க்கிறார்கள்? பல பேரிடம் இருப்பது தினம் 1.5 ஜிபி பேக். 2.6 எம்பிபிஎஸ்ஸில் அது 77 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆறரையோடு 77 நிமிடத்தைக் கூட்டினால் 7.47. அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 64 கிலோபிட்) இறங்கிவிடும், படம் எங்கே ஓடும்? உங்கள் சர்வர் லாகில் (பதிவுக் கோப்பில்) பிழை எதுவும் வராது, வருகை குறைந்த மாதிரி மட்டும் தெரியும். பகலில் அந்தப் போனில் வேறு யாராவது எதையாவது பார்த்திருந்தால் இன்னும் சீக்கிரமே போய்விடும்.

வெள்ளைப் பலகையில் பேனா ஓடுவதற்கு 2.5 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. நொடிக்கு 15 ஃபிரேம் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை வைத்து 720பிக்கு 700 கேபிபிஎஸ், 480பிக்கு 350 என்று இரண்டு தரம் செய்யுங்கள், ஒலி மோனோ 64 போதும். இதற்கு உங்கள் 4 கோர் தாராளம். மூன்றாவதாக, படமே இல்லாமல் ஒலி மட்டும் 40 கேபிபிஎஸ்ஸில் ஒன்று கட்டாயம் வையுங்கள். டேட்டா தீர்ந்த பிள்ளைக்கும் டீச்சர் குரலாவது கேட்க வேண்டும், நோட்டில் எழுதிக்கொண்டாவது வருவாள். மாஸ்டர் பிளேலிஸ்டில் (எல்லாத் தரத்தையும் பட்டியலிடும் கோப்பு) 480பியை முதல் வரியாக எழுதுங்கள், பெரும்பாலும் அதிலிருந்துதான் பிளேயர் தொடங்கும். அக்காவைக் கொஞ்சம் தடித்த பேனாவில் எழுதச் சொல்லுங்கள், நல்ல மைக் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் உடைந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

அல்சூர்வாசி:

அக்கா, நேற்று முப்பது பிள்ளைகளிடம் கேட்டேன், 22 பேர் 1.5 ஜிபி பேக் என்றார்கள். இரண்டு மாதமாகச் சர்வரையே குடைந்துகொண்டிருந்தேன். நெட்வொர்க் வரம்பும் ராஜா அண்ணா சொன்ன மாதிரி 500தான்.

இரண்டு தரமும் செய்துவிட்டேன், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது படம் குதிக்கிறது, சில போனில் ஒரு வரி திரும்பக் கேட்கிறது.

கெங்கேரி பாண்டியன்:

கீஃபிரேம் (முந்தைய படத்தைச் சாராத முழுப் படம்) ஒத்துப்போகவில்லை. எச்எல்எஸ் துண்டு கீஃபிரேமில்தான் வெட்டப்படும், இரண்டு தரத்திலும் அது ஒரே நொடியில் விழுந்தால்தான் மாற்றம் தெரியாது. 15 ஃபிரேமுக்குக் கீஃபிரேம் இடைவெளியை 30 என்று வையுங்கள், அதாவது இரண்டு நொடிக்கு ஒன்று. காட்சி மாறினால் தானாகக் கீஃபிரேம் போடுவதை அணைத்துவிடுங்கள். துண்டு நீளம் நான்கு நொடி. பிள்ளைகளுக்குப் பத்துப் பதினைந்து நொடி தாமதம் இருக்கும், டியூஷனுக்கு அது பரவாயில்லை. தாமதத்தைக் குறைக்கிறேன் என்று துண்டை ஒரு நொடியாக்கினால் தங்கவயலில் சிக்னல் கொஞ்சம் ஆடினாலும் நின்றுவிடும்.

அப்புறம், டிரான்ஸ்கோடிங்கையும் விநியோகத்தையும் ஒரே மெஷினில் வைக்காதீர்கள். முன்னால் சின்னதாக இன்னொரு மெஷினில் என்ஜின்எக்ஸ் கேஷ் (ஒரு தடவை வாங்கிய கோப்பை வைத்திருந்து கொடுப்பது) போடுங்கள், கேஷ் லாக் (முதல் ஆளுக்கு வரும்வரை மற்றவர்களைக் காக்க வைப்பது) இருந்தால் ஒரே துண்டை 300 பேர் கேட்டாலும் பின்னால் ஒரு தடவைதான் போகும். துண்டை நிமிடக்கணக்கில் கேஷ் செய்யலாம், பிளேலிஸ்டை (அடுத்து ஓட வேண்டிய துண்டுகளின் பட்டியல்) ஒரு நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. இதில் தவறினால் பழைய பாடமே ஓடும், நான் ஒரு கோயில் விழாவில் இதை அனுபவித்திருக்கிறேன், தீபாராதனை முடிந்து பிரசாதம் கொடுத்தபோதும் திரையில் அபிஷேகம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு ரவுட்டரை விட்டுவிடுவோம், அதையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். லைனில் டேட்டா பாக்கெட் தொலைந்தால் ஆர்டிஎம்பி திணறும், ஓபிஎஸ்ஸிலேயே எஸ்ஆர்டி என்ற இன்னொரு அனுப்பும் முறை இருக்கிறது, அது இந்த மாதிரி லைனுக்கு நல்லது. ஆனால் ஆர்டிஎம்பி மாட்யூல் எஸ்ஆர்டியை வாங்காது, மீடியாஎம்டிஎக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள் வாங்கும்.

அல்சூர்வாசி:

கீஃபிரேமைச் சரிசெய்ததும் குதிப்பது நின்றுவிட்டது. கேஷ் மெஷினும் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை வகுப்பில் உச்சமாக 288 பேர், வெளியே போனது 190 எம்பிபிஎஸ்தான். 7.50க்கு எண்ணிப் பார்த்தேன், 271 பேர் இருந்தார்கள், அதில் 19 பேர் ஒலி மட்டும். ஓசூர்ப் பையன் ஒருவன் 7.55க்குத்தான் முதல் தடவையாகச் சந்தேகம் கேட்டான், இத்தனை நாள் கடைசிப் பத்து நிமிடத்தை அவன் பார்த்ததே இல்லையாம்.

எஸ்ஆர்டி வேலையை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். பாண்டியன் அண்ணா, மீடியாஎம்டிஎக்ஸ் நேராக எச்எல்எஸ் கொடுக்கட்டுமா, இல்லை வாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு வெட்டுவதை எஃப்எஃப்எம்பெக்கிடமே விடவா?

கெங்கேரி பாண்டியன்:

வாங்குவதற்கு மட்டும் வையுங்கள். இரண்டு தரமும் ஒலியும் ஒரே எஃப்எஃப்எம்பெக்கில் இருந்து வந்தால்தான் கீஃபிரேம் கைக்குள் இருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நானும் ஆன்லைனில் இருப்பேன், சிக்கினால் இங்கேயே லாகைப் போடுங்கள்.