கலைச்சொல் தேவை: கண்ணாடி நிலைமாற்றமா, கண்ணாடிநிலை மாற்றமா?

கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி ஆய்வகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பாலிஸ்டைரீன் படலத்திலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை நறுக்கி, இரு பிடிகளுக்கு இடையே இழுத்து மாட்டி, நொடிக்கு ஒரு முறை மிகச் சிறிதளவு நீட்டித் தளர்த்திக்கொண்டே, வெப்பநிலையை நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் உயர்த்துவதுதான் சோதனை. அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 3 கிகாபாஸ்கலாக இருக்கும் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு), 100 டிகிரி செல்சியசை ஒட்டி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிகிறது; வளைத்தால் முறியும் படலம் ரப்பர்போல் நீளத் தொடங்குகிறது. இம்மாற்றம் நிகழும் வெப்பநிலையை (ஆங்கிலத்தில் glass transition temperature) 'கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை' என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடியை உருக்கும் சோதனை என்று மாணவர் நினைத்துவிடுவார்களோ என்று ஐயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'ஆடி' என்றாலே முகம் பார்ப்பது. கண்ணாடி அதன் வழிவந்த சொல். பொருளின் தன்மையைச் சொல்ல நமக்குப் பளிங்கு இருக்கிறது. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று 706ஆம் குறளிலேயே ஆளப்பட்டிருக்கும் சொல்லை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை நினைவூட்டும் சொல்லைத் தேடுவானேன்? 'பளிங்குநிலை மாற்றம்' என்க. ரப்பருக்குத் தொய்வம் என்ற தமிழ்ச்சொல் உண்டு. படலம் என்றவுடன் எனக்குக் கம்பராமாயணத்தின் ஊர்தேடு படலம்தான் முன்னே வந்து நிற்கிறது. ஆயினும் கண்ணில் படலம் படர்வது உலகவழக்காதலால் அதை மறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்து இரசாயனவியல் ஆசிரியை:

ஐயா, தமிழகத்தில் படிகம் எனப்படுவதைத்தான் நாங்கள் பளிங்கு என்று கற்பிக்கிறோம். உப்பிலும் சீனியிலும் உள்ள ஒழுங்கான அடுக்கு அது. கண்ணாடியிலோ அந்த ஒழுங்கு கிடையாது. திரவத்தின் தாறுமாறான அமைப்பு அப்படியே உறைந்து நிற்கிறது. ஆகவே பளிங்குநிலை என்றால் எங்கள் பிள்ளைகள் நேரெதிராக விளங்கிக்கொள்வார்கள். தகைவு (stress) எங்களுக்குத் தகைப்பு, திரிபு (strain) விகாரம், ரப்பர் இறப்பர், பாலிமர் பல்பகுதியம் என்று ஏற்கெனவே பிரிந்து நிற்கிறோம். கண்ணாடி ஒன்றாவது இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பொறியியல் மாணவர்:

'இளகுநிலை' என்று சொன்னால் என்ன? பெட் பிளாஸ்டிக் போத்தலில் கொதிநீரை ஊற்றினால் அது இளகிச் சுருங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பாலிமர் ஆய்வகத்தில் பணிபுரிபவர்:

தம்பி சொல்வது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இளகு வெப்பநிலை என்று வேறோர் அளவீடு இருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் முனையுள்ள ஊசியைக் குறித்த எடையுடன் பிளாஸ்டிக்கின்மேல் நிறுத்திச் சூடாக்கி, ஊசி ஒரு மில்லிமீட்டர் இறங்கும் வெப்பநிலையைக் குறிப்பது அது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேட்டின் இரண்டு பாடங்கள் மோதிக்கொள்ளும்.

என் தயக்கம் 'நிலைமாற்றம்' பற்றியது. பனிக்கட்டி உருகுவதற்கு உள்ளுறை வெப்பம் உண்டு, வெப்பநிலையும் நிலையானது. இங்கே உள்ளுறை வெப்பம் இல்லை. நொடிக்கு ஒரு முறைக்குப் பதிலாகப் பத்து முறை நீட்டினால், அதே படலம் சில டிகிரி தள்ளித்தான் இளகும். விரைவாகச் சூடாக்கினாலும் அளவு மாறும். ஒரே சோதனையில்கூடக் குணகம் சரியத் தொடங்கும் இடம், இழப்புக் குணகத்தின் (நீட்டும் ஆற்றலில் வெப்பமாகிப் போகும் பங்கைக் காட்டுவது) உச்சி, அந்த இழப்புக்கும் மீள்வதற்காகப் படலம் சேமிக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தின் உச்சி என்று மூன்று இடங்களில் மூன்று வெப்பநிலைகள் கிடைக்கின்றன. எந்த வரையறைப்படி, எந்த அதிர்வெண்ணில் என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆகவே 'கண்ணாடிநிலை மாற்றம்' என்று இடைவெளியைத் தள்ளிப்போடுங்கள். 'கண்ணாடி நிலைமாற்றம்' என்றால் கண்ணாடி என்னும் பொருள் நிலைமாறுகிறது. 'கண்ணாடிநிலை மாற்றம்' என்றால் ஏதோ ஒரு பொருளின் கண்ணாடித்தன்மை மாறுகிறது. மாணவர் குழப்பமும் அத்துடன் தீரும். கையேட்டில் இன்னொன்றையும் சேருங்கள்: பட்டையை மழுங்கிய பிளேடால் நறுக்கக் கூடாது. விளிம்பில் விழும் சிறு பிளவிலிருந்தே படலம் கிழியும். பிடியை இறுக முறுக்கினால் பாலிஸ்டைரீன் அங்கேயே விரிசல் விடும். தளர விட்டால் வழுக்கும், அந்த வழுக்கலும் நீட்சியாகவே கணக்கில் ஏறும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பளிங்கு யாழ்ப்பாணத்தில் படிகமாகிவிட்டது என்பதற்காக வள்ளுவர் பொறுப்பேற்க முடியாது. இடைவெளியை நம்பிப் பொருள் வேறுபடும் சொல்லை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்போது என்ன செய்வீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை கிடைக்கும்வரை அச்சகம் காத்திருக்காது. பெரும்பான்மைப்படி 'கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை' என்று திருத்திவிட்டேன். பக்கத்தில் அதிர்வெண்ணும் வரையறையும் எழுதக் கட்டம் போட்டிருக்கிறேன். ரப்பர் ரப்பராகவே இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அடிக்குறிப்பிலாவது தொய்வத்தைச் சேர்க்க வேண்டுகிறேன்.