படகை இழுத்துக்கொண்டு போகும்போது இரவு எங்கே நிறுத்துவது? (அவசரம்)

கரைவலை: நாளை மறுநாள் விடிய ஐந்து மணிக்குப் படகோடு கிளம்புகிறோம். வழியில் ஓர் இரவு தங்க வேண்டும். போன முறை ஒரு மோட்டலில் “தாராளமாக இடம் இருக்கிறது” என்றார்கள். போய்ப் பார்த்தால் வளாகம் முட்டுச்சந்து. இரவு பதினொரு மணிக்குப் படகு ஏற்றிய டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி, மாமனார் டார்ச் பிடிக்க, கையால் தள்ளித் திருப்பினோம். நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காகம்: எங்கிருந்து எங்கே? எத்தனை அடி?

கரைவலை: கனடாவில், டொராண்டோ ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே நிப்பிகன். வேறெங்கே போவோம்? படகு 17 அடி.

மழைக்காகம்: படகை யார் கேட்டார்கள்? வண்டியின் மூக்கிலிருந்து மோட்டாரின் வால்வரை எவ்வளவு?

கரைவலை: அளக்கவில்லை.

அச்சாணி: இடம் கிடக்கட்டும். நிறுத்தும் போதெல்லாம் சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகப் போகிறது. படகு டிரெய்லர்கள் நடுவழியில் நின்றுபோவது பல நேரம் இதனால்தான்.

மூத்த தோணி: இதே கேள்விக்கு மூன்று வருடமாகப் பதில் எழுதுகிறேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நிப்பிகன் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். சட்பரி தாண்டிப் பிளைண்ட் ரிவரிலோ சூ செயின்ட் மரியிலோ படுத்துவிட வேண்டும். வாவா வரை போய்விடலாம் என்று 17ஆம் நெடுஞ்சாலையில் இருட்டில் ஓடாதீர்கள். மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும். அதன் கண் மனித உயரத்துக்கு மேலே இருப்பதால் விளக்கொளியில் பெரும்பாலும் மின்னாது, உடம்போ கறுப்பு. படகு பின்னால் தள்ளும்போது சட்டென்று நிறுத்தவும் முடியாது.

வடலி: தம்பி, மோட்டலுக்குப் போன் செய்து “இடம் இருக்கிறதா” என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “லாரி நிறுத்துவார்களா, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாமா” என்று கேளுங்கள். வால்மார்ட் வளாகம் அந்தந்தக் கிளை மேலாளரின் விருப்பம். உள்ளே போய்க் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஆனால் மாமனார் வண்டிக்குள் படுப்பாரா?

கரைவலை: மாட்டார்.

வடலி: அப்படியானால் மோட்டல்தான். அறை ஜன்னலிலிருந்து படகு தெரிய வேண்டும். கொக்கிக்குப் பூட்டு, சக்கரத்துக்குச் சங்கிலி. மழை வந்தால் தண்ணீர் ஓட, படகின் அடித்துளையை அடைக்கும் வடிகால் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

மழைக்காகம்: இரவில் மட்டும் அல்ல. ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் படகைச் சாலையில் கொண்டுபோகும்போதே பிளக் கழற்றியிருக்க வேண்டும். ஒரு ஏரியின் பூச்சி, பாசி அடுத்த ஏரிக்குப் போகக் கூடாது என்பதற்காக.

அச்சாணி: காய்ந்த படகுக்கு எதற்கு? என்னை ஒருவரும் மறித்ததில்லை.

மழைக்காகம்: மறிக்காவிட்டால் சட்டம் இல்லையா?

மூத்த தோணி: சட்டம் வருவதற்கு முன்பே கழற்றியவன் நான்.

அச்சாணி: உங்களுக்கு முன் ஏரியே இல்லை, ஐயா.

வடலி: கேட்ட பிள்ளையைக் காணவில்லை, நீங்கள் இருவரும் மல்லுக்கு நிற்கிறீர்கள்.

*(ஒன்பது நாள் கழித்து)*

கரைவலை: திரும்பிவிட்டோம். பிளைண்ட் ரிவரில் தங்கினோம். வடலி அக்கா சொன்னபடியே கேட்டேன்; படகைக் கழற்றாமலே காலையில் நேராக வெளியே வந்தோம். வண்டியும் படகும் சேர்த்து 41 அடி. பிளக்கைக் கழற்றி வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் போட்டேன். ஏரியில் இறக்கியபோதும் அது அங்கேதான் இருந்தது. மாமனாரின் சப்பாத்து இன்னும் காயவில்லை.