நண்டு கட்லெட் உதிர்ந்து போகிறது, வழி சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொண்டி நண்டு 1 கிலோ வாங்கி அவித்தேன். சதையைப் பிரித்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது, கிடைத்தது ஒரு கிண்ணம்தான். (ஓடு குத்திய விரல் இன்னும் எரிகிறது, அது வேறு கதை.)

சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை வதக்கிச் சேர்த்து, மிளகுத்தூள் தூவி, ஒரு முட்டை ஊற்றிப் பிசைந்து, ரஸ்க் தூளில் புரட்டித் தோசைக்கல்லில் போட்டேன். முதல் இரண்டும் திருப்பும்போதே உதிர்ந்து பொடிமாஸ் ஆகிவிட்டன. அடுத்ததற்கு உருளைக்கிழங்கு சேர்த்தேன். உடையவில்லை, ஆனால் நண்டு ருசியைக் காணோம். மொறுமொறுப்பும் பத்தே நிமிடத்தில் போய், நமுத்த பஜ்ஜி மாதிரி இருந்தது.

சதையில் தண்ணீர் நின்றதுதான் கோளாறு என்று நினைக்கிறேன். துணியில் கட்டிப் பிழிந்தால் நண்டுச் சதையின் இனிப்பும் சேர்ந்து போய்விடுமா? கோலா உருண்டைக்குப் போடுவது போலப் பொட்டுக்கடலை மாவு போட்டால் பிடித்துக்கொள்ளுமா? ஒரு கிண்ணத்துக்கு எத்தனை கரண்டி? அப்புறம், தட்டியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பொரித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மைதாவை மட்டும் சொல்லாதீர்கள், ஆச்சிமார்களே. சனிக்கிழமை மாமியார் வருகிறார்.