சுங்கை சிப்புட்டில் நடந்துபோகப் பழைய தோட்டப் பாதைகள் உண்டா?

அன்பர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளிலேயே சுற்றிவந்த, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை, பணி ஓய்வுக்குப் பிறகு விடியற்காலையில் நடந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். செம்பனைகளுக்கு நடுவே தப்பி நிற்கும் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தில், சாய்வாக இறங்கும் வெட்டுத் தழும்பும் பால் பிடிக்கும் மங்கு தாங்கிய துருப்பிடித்த கம்பியும் இன்னும் இருப்பதை, வண்டியில் போன காலமெல்லாம் நான் ஒருநாளும் கண்டதில்லை.

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, 1948 ஜூன் 16 அன்று நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவின் அவசரகாலப் பிரகடனத்திற்கு ஒரு காரணமாக அமைந்த எல்பில் தோட்டத்துக்கு, பெரிய சாலையைத் தவிர்த்து நடந்துசெல்லப் பழைய மண்பாதை ஏதும் உண்டா? தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும் இருந்த இடங்களை அறிந்த பெரியவர்கள் அடையாளம் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். வழியில் நாய்த்தொல்லை உண்டா என்பதையும் தெரிவியுங்கள். கைத்தடி எடுத்துச்செல்ல வேண்டியிருக்கலாம்.