10 கிலோமீட்டர் ஓட எதற்கு 18? உங்கள் லாங் ரன் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசிஆர் காலை:

வயது 41. ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்), ஃபுல் மாரத்தான் (42) எதிலும் எனக்கு ஆசை இல்லை. ஜனவரியில் சென்னையில் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். போன முறை 58:40. என்னோடு ஓடுகிறவர்கள் எல்லோரும் மாரத்தான்காரர்கள். "18 ஓடிப் பழகு தம்பி, அப்புறம் 10 எல்லாம் தூசு" என்றார் ஒரு அண்ணன்.

சரி என்று போன மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலை 4.45க்குத் திருவான்மியூரிலிருந்து அவர்களோடு கிளம்பினேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அவர்களுக்கு அது பேசிக்கொண்டே போகிற வேகம். எனக்கோ போன ரேஸ் வேகத்துக்கு எட்டு நொடிதான் குறைவு. நீலாங்கரை வரை கௌரவமாக ஓடினேன். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சில் நான் "ம்" மட்டும் கொட்டினேன். அக்கரையைத் தொடாமலே திரும்பி, ஈஞ்சம்பாக்கம் வந்தபோது இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டன. ஃபோன் கவரில் மடித்து வைத்திருந்த ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நோட்டு வியர்வையில் ஊறி, பிரித்தால் கிழியும் போல இருந்தது. கண்டக்டர் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, "மழையா சார் அந்தப் பக்கம்?" என்றார்.

அந்த வாரம் செவ்வாயும் வியாழனும் ஓட முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஆறாறு கிலோமீட்டர், அதோடு லாங் ரன்னாக, அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டமாக, ஞாயிறு இந்த 18 என்பதுதான் திட்டம். ஒரு மணி நேரத்தில் முடிகிற பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடிப் பழகுவதில் அர்த்தம் இருக்கிறதா? புத்தகத்தில் படித்தது வேண்டாம். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு:

அண்ணா, நான் கோவை. 5 கிலோமீட்டர் மட்டும்தான் ஓடுவேன். ரொம்ப நாள் 31 நிமிடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முதல் மூன்று கிலோமீட்டர் நன்றாகப் போகும். நான்காவதில் யாரோ பின்னாலிருந்து துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஐந்தாவது வெறும் பிடிவாதம்.

அதுவரை நான் ஓடிய எல்லாமே 4 அல்லது 5 கிலோமீட்டர், எல்லாமே மூச்சு வாங்க. தோழி ஒருத்தி சொல்லித்தான் சனிக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸ் சாலையில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தேன். முதலில் 7 கிலோமீட்டர், அப்புறம் 8, 9. ஐந்து மாதத்தில் 12க்கு வந்தேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 நொடி. அந்த வேகத்தில் ஓடுவதற்குக் கால் வலுவைவிட மானத்தை விடுகிற துணிச்சல்தான் அதிகம் வேண்டும். வேகமாக நடக்கிற ஒரு தாத்தா என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "வாம்மா, வாம்மா" என்று உற்சாகப்படுத்தினார்.

இப்போது என் 5 கிலோமீட்டர் 27:20. மாறியது அந்த நான்காவது கிலோமீட்டர்தான். கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இழுக்கிற கை இல்லை. 5 கிலோமீட்டரை முழு மூச்சில் ஓடினாலும் அதற்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனை வைத்துத்தான் உடம்பு உண்டாக்குகிறது. அதைத் தசைக்குக் கொண்டு சேர்க்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களும், எரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் பெருக நிதானமான நீண்ட ஓட்டம் உதவுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகப்போக, அதுவரை உழைத்த தசை இழைகள் களைத்து, சும்மா இருந்தவையும் வேலைக்கு வர ஆரம்பிக்கின்றன. பந்தயம் சின்னதாக இருந்தாலும் இந்த வேலை எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஐந்து மாதத்தில் மூன்று கிலோ எடை குறைந்தேன், ஒரு வாரம்கூட விடாமல் ஓடினேன். முழுப் பெருமையையும் சனிக்கிழமைக்கே கொடுக்க முடியாது.

கண்மாய்க்கரை:

நம்ம கதை வேற மாதிரி அண்ணே. போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடினவன் நான், மானாமதுரைப் பக்கம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். முடித்தால் அடுத்த கட்டம், இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. ஆறு நொடி தாமதம் என்றாலும் அதே பைதான்.

எங்கள் ஊரில் கிரவுண்ட் கிடையாது. கண்மாய்க்கரை ஒரு நேர்கோடு, அதில் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். நாங்கள் ஐந்து பேர் தினமும் அதை ஓடினோம். ஆறு மாதம். கருவேல முள் செருப்பைத் துளைக்கும் என்பதால் கண் எப்போதும் தரையிலேயே இருக்கும். மூச்சு அருமையாக ஆகிவிட்டது. 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து கிணற்றில் குதித்து நீந்துவோம். அந்தத் தெம்பில்தான் போனோம். முதல் தடவை 7:20. அவுட்.

அப்புறம் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் போனோம். எங்களை ஓடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மாட்டு வண்டி நல்லாத்தான் ஓட்டுறீங்க, பந்தய வண்டி ஓட்டத் தெரியலையேடா" என்றார். தினமும் ஒரே தூரம், ஒரே வேகம். கால் அந்த ஒரு வேகத்தை மட்டும்தான் கற்றுக்கொண்டிருந்தது. 400 மீட்டர் டிராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. அதை எங்களில் ஒருத்தனும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. கூட்டத்தோடு முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு, கடைசிச் சுற்றில் நாக்குத் தள்ளியதுதான் நடந்தது.

அவர் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 1:40ல் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் 200 மீட்டர்கள். கண்மாய்க்கரையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார், அதுவும் 8 கிலோமீட்டர் மட்டும். நிறுத்தச் சொல்லவில்லை, கவனியுங்கள். "அது அடுப்பு, இது தாளிப்பு" என்பார். அடுத்த தடவை 6:38. இப்போது டியூட்டியில் இருக்கிறேன். ஓட்டம் குறைந்துவிட்டது, நிற்பதுதான் அதிகம்.

மெக்ரிட்சி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், வயது 63. ஐந்து வருடமாக என் லாங் ரன் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு தடவை, ஏறத்தாழ 11 கிலோமீட்டர். குரங்குகள் நடுவழியில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நடை. நான் ஓடுவது 5 கிலோமீட்டர் பந்தயங்கள் மட்டும்.

என் அனுபவத்தைவிட, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், எதையும் முதலில் தன் உடம்பிலேயே செய்து பார்ப்பார். அவரிடம் ஓடியவர் பீட்டர் ஸ்நெல், 800 மீட்டர் வீரர். இரண்டு நிமிடம்கூட ஆகாத பந்தயம் அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கெரே மலைப்பாதையில் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் ஓடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800ல் தங்கம். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். நடுவில் இன்னொரு வேடிக்கை: 1961 டிசம்பரில் முழு மாரத்தான் ஒன்றை ஓடி முடித்தார். 1962 ஜனவரி கடைசியில் ஒரு மைலை 3:54.4ல் ஓடி உலக சாதனை, சரியாக ஒரு வாரம் கழித்து 800 மீட்டரை 1:44.3ல் ஓடி இன்னொன்று. இரண்டும் புல்தரையில்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் ஊரில் எல்லோரும் 18 ஓடு, 20 ஓடு என்கிறார்கள். பாதிக் கதை விட்டுப்போய்விடுகிறது. லிடியார்டிடம் பயிற்சி பெற்றவர்கள் அடித்தளம் போடுகிற மாதங்களில் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடினார்கள். அதில் 35 என்பது கால் பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு மேட்டில் ஏறி இறங்குகிற வாரங்கள், அப்புறம் டிராக்கில் வேகம். 35ஐ மட்டும் ஓடிவிட்டு யாரும் சாதனைக்குப் போகவில்லை. பிரிட்டன் வீரர் செபாஸ்டியன் கோ நேர் எதிர் ரகம். அப்பாதான் பயிற்சியாளர், தூரத்தைவிட வேகத்துக்கு முதலிடம். அவரும் 1500ல் 1980, 1984 என்று இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஆக, வழி ஒன்றுதான் என்று சொல்ல முடியாது.

ஈசிஆர் தம்பி, உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதோடு 18. மொத்தம் 30ல் 18, அதாவது 60 சதவீதம் ஒரே காலையில். கிலோமீட்டரை விட்டுவிட்டுப் பங்கைப் பார்த்தால், ஸ்நெல்லின் 35ஐவிட உங்கள் 18 பெரிய ஓட்டம்! அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், வாரத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் லாங் ரன் இருக்கட்டும் என்பார். மூன்றே நாள் ஓடுகிறவருக்கு அதைக் கறாராகக் கடைப்பிடிக்க முடியாது. ஆனால் 60க்கும் 30க்கும் நடுவில் எங்காவது நிற்கலாம். நாள்களைக் கூட்டுங்கள், ஞாயிற்றை இழுக்காதீர்கள்.

படிக்கட்டு:

நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 10 கிலோமீட்டருக்காகத் தயாராகும்போது, தனியாக ஓட பயமாக இருந்ததால் ஹாஃப் ஓடுகிற குழுவோடு ஞாயிறுதோறும் 20, 21 போனேன். பேச்சுத்துணைக்குத்தான். ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு புள்ளியில் வலி, விரலை வைத்தால் துள்ளும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் நுண்ணிய விரிசல். மூன்று மாதம் ஓட்டம் இல்லை, வீட்டுப் படிக்கட்டைக்கூட எண்ணி எண்ணி இறங்கினேன். பந்தயத்தன்று வாலன்டியராக நின்று தண்ணீர் கொடுத்தேன்.

நூறடி ரோடு:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் 10 கிலோமீட்டரை 46 நிமிடத்தில் ஓடுகிறேன். வாழ்க்கையில் 10ஐத் தாண்டி ஒரு நாளும் ஓடியதில்லை. வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 42, 43 வரும். செவ்வாய் இன்டர்வல் (விட்டுவிட்டு வேக ஓட்டம்), வெள்ளி டெம்போ (சீராகக் கொஞ்சம் வேகமாக), மற்றதெல்லாம் சாவகாசம். ஞாயிறு தூக்கம்.

மெக்ரிட்சி:

பத்து ஓடுகிற நாள் எது?

நூறடி ரோடு:

புதன். மெதுவாகத்தான்.

மெக்ரிட்சி:

43ல் 10. பங்கு சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் லாங் ரன் புதன்கிழமை வருகிறது, அவ்வளவுதான்.

நூறடி ரோடு:

அதுக்கு லாங் ரன்னுன்னு பேர் வைக்கலைங்க ஐயா, விட்ருங்க.

ஈசிஆர் காலை:

எல்லோருக்கும் நன்றி. எட்டு வாரம் கழித்து வருகிறேன். வாரம் நான்கு நாளாக்கினேன்: 6, 7, 6, ஞாயிறு 12. மெக்ரிட்சி ஐயா கணக்குப்படி இன்னும் 39 சதவீதம்தான், அலுவலகம் அதற்கு மேல் விடவில்லை. வியாழன் 6ல் நடுவே 800 மீட்டர்கள் நான்கு, ரேஸ் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. கண்மாய்க்கரை தம்பி சொன்ன தாளிப்பு.

ஞாயிற்றுக்கிழமை வேகத்தைக் கிலோமீட்டருக்கு 7:10க்குக் குறைத்ததில்தான் சண்டை வந்தது. குழுவில் யாரும் கூட வர மாட்டேன் என்றார்கள். இரண்டு வாரம் தனியாக ஓடினேன். மூன்றாவது வாரம், 18 ஓடு என்று சொன்ன அதே அண்ணன் முழங்கால் சரியில்லை என்று என்னோடு சேர்ந்துகொண்டார். இப்போது அவர்தான் வேகத்தைக் குறை, குறை என்கிறார்.

போன வாரம் கடற்கரைச் சாலையில் நானே வாட்ச் வைத்துக்கொண்டு 10 ஓடிப் பார்த்தேன். 56:25. எட்டாவது கிலோமீட்டரில் பழைய மாதிரி கால் கல்லாகவில்லை, ஆனால் கடைசி ஒன்றரையில் வேகம் கூட்டவும் முடியவில்லை. 55க்கு இன்னும் ஒரு நிமிடம் 25 நொடி பாக்கி. ஐப்பசிப் புழுக்கம் போனால் அதில் கொஞ்சம் தானாகக் குறையும் என்று நம்புகிறேன்.

இந்த ஞாயிறும் 12தான். 5 மணிக்குத் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே, நீலாங்கரை தாண்டியதும் திரும்பிவிடுவோம். 7:10ல் வரச் சம்மதம் என்றால் வாருங்கள். ஐம்பது ரூபாயை இப்போதெல்லாம் பாலிதீன் உறையில் போட்டுத்தான் கொண்டுபோகிறேன்.