தரங்கம்பாடி லைனும் எங்கள் வயலும்: பழைய வரைபடம் காட்டிக்கொடுத்த சின்னப் பாலம்

மாயவரம் - தரங்கம்பாடி ரயிலில் போனவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 1926இல் போட்ட மீட்டர்கேஜ், 1986இல் நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று வயலுக்கு நடுவே போன வண்டி. எங்கள் பக்கம் இப்போது மண்மேடுதான் மிச்சம்.

எங்கள் நிலம் அந்த மேட்டுக்கு மேற்கே. ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் ஐந்தாறு நாள் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் கிழக்கே கடலைப் பார்த்துத்தான் வடிய வேண்டும், மேடு மறிக்கிறது. "ரயில் போட்டப்பவே தண்ணி போக வழி விட்டிருப்பாங்கடா" என்பார் அப்பா. எந்த இடம் என்று அவருக்கும் நினைவில்லை.

போன வருடம் தெரிந்த பேராசிரியர் ஒருவர் வீட்டில் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாளைப் பார்த்தேன். தாள் எண் 58 எம்/16, அளவு ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். விளைநிலம் மஞ்சள், ஊர் சிவப்பு, தண்ணீர் நீலம், ரயில் கறுப்பு. நம் டெல்டா தட்டை பூமி, அதனால் உயரக் கோடுகளைத் தேடிப் பயனில்லை. வாய்க்கால்களைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் வைத்துக் கறுப்புக் கோட்டின் மேலேயே மெல்லப் போனேன். ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு நீலக் கோடு அதைக் கடந்து கிழக்கே போனது. ஸ்டேஷனிலிருந்து ஸ்கேலில் முக்கால் அங்குலம். அதாவது முக்கால் மைல்.

மறுநாளே அப்பாவோடு மேட்டில் நடந்தேன். சீமைக் கருவேல முள்ளை வெட்டி விலக்கினால், உள்ளே செங்கல் வளைவு! முக்கால்வாசி மண் அடைத்திருந்தது. அப்பா உட்கார்ந்து செங்கல்லைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நான்கு ஆள், இரண்டு நாள் வேலை. இந்த வருட மழைக்குத் தண்ணீர் இரண்டே நாளில் வடிந்தது.

*

அண்ணே, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. எங்களுக்கு வரப்புத் தகராறு ஒன்று ஓடுகிறது. அந்தத் தாளில் எல்லை தெரியுமா?

*

தெரியாது தம்பி. புல எண் அதில் வராது. அதற்குக் கிராம வரைபடமும், ஒவ்வொரு புலத்தின் அளவையும் காட்டும் எஃப்.எம்.பி. படமும்தான்.

*

1950களில் அமெரிக்க ராணுவம் போட்ட வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் 1:2,50,000 அளவு. ரயில் பாதை தெரியும். அண்ணன் சொல்கிற மாதிரிச் சின்ன வாய்க்காலுக்கு அந்த ஓர் அங்குலத் தாள்தான் வேண்டும்.