மறு: ‘ஏற்றுமதிக் கடன் காப்பீடு’ வேண்டாம், ‘நிலுவைக் காப்பீடு’ என்போமா?

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்குக்குப் பணம் வராமல் போனால் ஈடு தருகிற எக்ஸ்போர்ட் கிரெடிட் இன்சூரன்ஸுக்குத் தமிழில் ‘ஏற்றுமதிக் கடன் காப்பீடு’ என்றே வைத்துக்கொள்ளலாம், பழகிய சொல்தானே என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை அண்ணாச்சி. அந்தச் சொல்லால் எங்கள் குடும்பத்திலேயே ஒரு நஷ்டம் நடந்திருக்கிறது.

என் அத்தான் தூத்துக்குடி துறைமுகம் வழியாக நிலாவாரை இலை அனுப்புகிறவர் (உலகச் சந்தையில் அந்த இலைக்கு ‘டின்னவேலி சென்னா’ என்றே பெயர், நம் ஊர்ப் பெயரிலேயே விலை போகிற சரக்கு). 90 நாள் தவணையில் ஒரு கன்டெய்னர் போனது, வாங்கியவர் நொடித்துப் போனார், பணம் வரவே இல்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஏதோ ஒரு கூட்டத்தில் தமிழில் அச்சடித்த துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ‘கடன் காப்பீடு’ என்பதைப் பார்த்ததும், நான்தான் பேங்க்ல கடனே வாங்கலையே, எனக்கு எதுக்கு என்று மடித்து வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக் கடன் எடுக்கும்போது, வாங்கியவர் இறந்துபோனால் மீதியை அடைக்க என்று ஒரு காப்பீட்டைச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அதுதானே நினைவுக்கு வரும்?

இங்கே கிரெடிட் என்பது வங்கிக் கடன் இல்லை. சரக்கை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வது, நம்மூர் பலசரக்குக் கடையில் பற்று நோட்டில் எழுதிவிட்டு மாசக் கடைசியில் தீர்க்கிறோமே, அதேதான். தெருக்காரர் தரவில்லையென்றால் அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம், கடல் தாண்டி இருப்பவரிடம் கேட்க வழியில்லை. அந்தப் பயத்தில் வியாபாரம் நின்றுவிடக் கூடாது என்றுதான் அரசாங்கங்களே இதில் இறங்கின. பிரிட்டன் முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919-ல் இதற்கென்று தனித் துறை வைத்தது. நம் நாட்டில் 1957. அப்போது வைத்த பெயரைக் கவனியுங்கள்: எக்ஸ்போர்ட் ரிஸ்க்ஸ் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன். ரிஸ்க், அதாவது இடர்தான் பெயரில் இருந்தது. 1964-ல் பெயரை மாற்றியபோதுதான் கிரெடிட் உள்ளே வந்தது. இன்று இந்தக் காப்பீட்டைத் தருகிற இ.சி.ஜி.சி. நிறுவனம் அதன் தொடர்ச்சி, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது.

வாங்கியவர் திவாலாவது, தவணை கடந்தும் இழுத்தடிப்பது, அந்த நாட்டில் போர் வருவது, இறக்குமதிக்குத் திடீர்த் தடை, அந்நியச் செலாவணி வெளியே போகக் கட்டுப்பாடு என்று இவற்றில் எதனால் பணம் நின்றாலும் இந்தக் காப்பீட்டில் ஒரு பெரும் பங்கு கிடைக்கும், மீதியை ஏற்றுமதியாளரே தாங்க வேண்டும். கப்பல் மூழ்கினால் கிடைக்கிற சரக்குக் காப்பீடு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் துறைமுகப் பக்கத்திலேயே நிறைய.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘வாராக் கடன் காப்பீடு’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். அது வங்கிக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல், தவிர இந்தப் பாலிசி சரக்கு ஏற்றும்போதே எடுப்பது, பணம் வருமா வராதா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ‘பற்றுக் காப்பீடு’ என்று நானே முதலில் நினைத்தேன், ஆனால் எழுத்தில் பார்த்தால் பாசம் என்ற பொருளும் கூடவே வந்து நிற்கிறது.

அதனால்தான் ‘ஏற்றுமதி நிலுவைக் காப்பீடு’ என்கிறேன். நிலுவை என்றால் வரி பாக்கி நோட்டீஸ் மாதிரி, கெடு தாண்டிய பணம் என்று ஆகிவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகாது அண்ணாச்சி. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிற வழக்கு தோற்ற வழக்கு இல்லை, இன்னும் முடியாமல் நிற்கிற வழக்கு. ‘நில்’ என்பதுதானே வேர். அனுப்பிய சரக்குக்கு இன்னும் வந்து சேராமல் நிற்கிற பணம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கெடு தாண்டியதைத் தனியாகச் சொல்ல ‘தவணை கடந்த நிலுவை’ இருக்கவே இருக்கிறது. அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன், ‘வர வேண்டிய பணத்துக்கா?’ என்று உடனே கேட்டார்.

அப்புறம் ஒன்று பாக்கி. இதே இ.சி.ஜி.சி., ஏற்றுமதியாளருக்குக் கடன் கொடுக்கிற வங்கிக்கும் தனியாக ஒரு கேரண்டி தருகிறது. அதை ‘வங்கி உத்தரவாதம்’ என்றால் வங்கி கொடுப்பதாக ஆகிவிடும், ‘பிணை’ என்றால் கோர்ட் ஞாபகம் வருகிறது. நம் பக்கம் ‘ஜாமீன் போடுறது’ என்று சொல்வோமே, அதிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா?